நிற்கும் காரும் நுழையும் எலியும்

கப்பல் வேலைக்குப் போகிறவர், வளைகுடாவிலிருந்து ஆண்டுக்கொருமுறை விடுப்பில் வருகிறவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கும் ஓய்வுபெற்ற தம்பதி: இவர்கள் வீட்டு ஷெட்டிலெல்லாம் ஒரு கார் நிற்கிறது. போகும்முன் வண்டியைக் கழுவி, உறை போட்டு மூடி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் நாலைந்து விளக்குகள் அணையாமல் எரியும். ஏ.சி.யைப் போட்டால் குமட்டும் நாற்றம் வரும். சில வண்டிகள் அசையவே அசையாது. மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: எலி. ஒன்றிரண்டு ஒயர் என்றால் ஒட்டுப் போட்டு அனுப்பலாம். வயரிங் கிட் முழுதாக மாற்ற வேண்டி வந்தால் செலவு பல்லாயிரங்களில் நிற்கும்.

இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பொருளைச் சொல்வார்கள். ஒருவர் புகையிலைக் கட்டு, ஒருவர் நாப்தலின் உருண்டை, ஒருவர் சத்தம் போடும் மின்கருவி, ஒருவர் ஸ்ப்ரே. எல்லாமே எலியை விரட்டுவதாகச் சொல்லி விற்கப்படுபவை. ஆனால் எலியின் இயல்பையும் இந்தப் பொருள்கள் வேலை செய்யும் விதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், விரட்டும் பொருள்களுக்குக் கடைசி இடம்தான் கொடுக்க முடிகிறது. முதலில் கவனிக்க வேண்டியது கார் நிற்கும் இடம், அடுத்தது காரின் திறப்புகள், அதற்கடுத்தது வண்டி அசையாமல் கிடக்கும் காலம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு கடையில் கிடைப்பதை வாங்கி வைப்பதால்தான் பணமும் போய், ஒயரும் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வருவது எந்தப் பிராணி என்று தெரிய வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் எவ்வளவு பெரிய ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது முடிவாகிறது. நம் ஊர் கார்களில் அதிகம் குடியேறுவது வீட்டெலி. ஓட்டுக்கூரையிலும் தென்னை உச்சியிலும் கூடு கட்டும் இந்த எலி ஏறுவதில் கெட்டிக்காரி. டயர் வழியாக ஏறி, சஸ்பென்ஷன் கம்பிகளைப் பிடித்து இன்ஜின் அறைக்குள் போவது அதற்கு ஒரு வேலையே இல்லை. சுண்டெலி இன்னும் சிறியது. 6 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் உள்ளே வந்துவிடும். வளர்ந்த எலிக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும். பெருச்சாளி பெரும்பாலும் தரையைத் தோண்டுகிற ஜாதி. காருக்குள் கூடு கட்டுவதைவிட ஷெட்டின் அடியில் வளை பறித்து மற்ற எலிகளுக்கும் பாதை போட்டுக் கொடுப்பதுதான் அது செய்யும் கேடு. அணிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பகலில் வரும், தேங்காய் நாரையும் பஞ்சையும் அள்ளி வந்து அடைக்கும், ஒயரையும் கடிக்கும். மரத்தடிப் போர்டிகோவில் நிற்கும் வண்டிக்கு எலியைவிட அணிலே பெரிய தொல்லை.

மூஞ்சூறை மட்டும் இந்தக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நீண்ட மூக்கும் கஸ்தூரி நாற்றமும் கொண்டு சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடுகிற அது கொறிக்கும் இனமே அல்ல. கரப்பான், பூச்சி, புழு இவைதான் அதன் உணவு. அதற்கு ஒயரில் வேலை இல்லை. ஷெட்டில் மூஞ்சூறைக் கண்டதும் அடித்துக் கொல்கிறவர்கள் கரப்பான் தின்னும் ஒரு ஜீவனை வீணாகக் கொல்கிறார்கள்.

எலி ஏன் ஒயரைக் கடிக்கிறது? பசிக்காக அல்ல. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பல்லின் முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் அதைவிட மிருதுவான டென்டின். கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, முன்பக்கம் உளி முனையாக நிற்கும். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் தாமிரம் 3, இரும்பு 4. எலிப்பல்லின் எனாமல் 5.5 அளவுக்கு வரும். ரப்பரும் பி.வி.சி.யும் அதன்முன் எம்மாத்திரம்? இன்னொன்று: முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கன்னத்துச் சதையை மடித்து வாயை அடைத்துக்கொண்டு எலியால் கொறிக்க முடியும். கொறித்த தூள் தொண்டைக்குப் போகாமல் வெளியே விழும். கடிபட்ட ஒயருக்குக் கீழே பொடிப்பொடியாக உறைத் துணுக்குகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தின்றிருந்தால் அவை அங்கே கிடக்காது.

இந்த இடத்தில் சோயா பற்றிய பேச்சைத் தீர்த்துக்கொள்ளலாம். புதிய கார்களில் ஒயர் உறையைச் சோயாவிலிருந்து எடுத்த பொருள் கலந்து செய்கிறார்கள், அதன் வாசனைக்குத்தான் எலி வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். 2016-ல் கலிபோர்னியாவில் டொயோட்டா மீது இதே காரணம் சொல்லி வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்கே தொடுத்தார்கள். ஹோண்டாவும் இப்படி வழக்கைச் சந்தித்தது. ஆனால் சோயா வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எலி ஒயரைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஈயக் குழாயையும் கடித்திருக்கிறது. மண்ணுக்கடியில் போகும் மின்கேபிளுக்கு எஃகு நாடா சுற்றியது எந்த வாசனைக்கும் பயந்து அல்ல. கூடு கட்ட வந்த எலியின் வழியில் ஒயர் குறுக்கே நிற்கிறது, பல்லுக்கும் வாகாக இருக்கிறது; கடிக்கிறது. உறை எதனால் ஆனது என்பது இதில் இரண்டாம் பட்சம்.

வாசனைக்கு வேறொரு விதத்தில் பங்கு உண்டு, அதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. 1970-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்திலும் பிறகு ஜெர்மனியிலும் கார்களின் ரப்பர் குழாய்கள் இரவோடிரவாகக் கடிபடத் தொடங்கின. செய்தது எலி அல்ல, மார்ட்டன் என்னும் கீரியளவுள்ள காட்டுப் பிராணி. ஒரு மார்ட்டன் தன் வாசனையை விட்டுப் போன காரை இன்னொரு மார்ட்டனின் எல்லைக்குள் கொண்டு நிறுத்தினால், அந்த எல்லைக்குரிய மார்ட்டன் வெறிகொண்டு கடிக்கிறது என்று கண்டார்கள். கடிபட்டால் இன்ஜின் அறையை முழுதாகக் கழுவுங்கள் என்பது அங்கே இன்றும் தரப்படும் முதல் அறிவுரை. எலியின் கதை அப்படியே இது அல்ல. ஆனால் எலியும் மூத்திரத்தாலும் உடலின் எண்ணெய்ப் பசையாலும் தன் பாதையைக் குறித்து வைக்கிறது. அடுத்து வரும் எலி அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு அதே துளைக்குள் நுழைகிறது. ஒருமுறை எலி வந்த காருக்கு மறுபடி மறுபடி எலி வருகிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒயரை மட்டும் மாற்றியிருப்பார்கள், கழுவியிருக்க மாட்டார்கள்.

மதுரையில் ஒரு பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டு மாதம் நின்ற ஒரு ஹேட்ச்பேக். ஏ.சி. காற்றே வரவில்லை என்று கொண்டுவந்திருந்தார்கள். மெக்கானிக் கிளவ் பாக்ஸைக் கழற்றி அதன் பின்னால் இருந்த ஃபில்டரை இழுத்தார். பாதிதான் கையோடு வந்தது. மீதியை எலி அரித்துத் தள்ளியிருந்தது. விரலை விட்டு நோண்ட நோண்ட உள்ளிருந்து வந்தன: பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கருப்புப் பஞ்சு, தேங்காய் நார், டிஷ்யூ காகிதக் கிழிசல், சீட்டுப் பஞ்சு, நடுவில் ஒரு குழிவு, அதன் ஓரத்தில் ஊறிப்போன பொரி ஏழெட்டு. வண்டிக்காரர் நம்பவில்லை. "காருக்குள்ள நாங்க எதுவும் சாப்பிடறதே இல்லையே" என்றார். "ஆயுத பூஜை போட்டீங்கள்ல சார்" என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமலே.

எலிக்குக் காரில் பிடித்த இடம் இதுதான். வைப்பருக்குக் கீழே, கண்ணாடியின் அடிவாரத்தில், வெளிக்காற்று உள்ளே வரும் பிளாஸ்டிக் சல்லடை இருக்கிறது. அதன் வழியாக இறங்கினால் புளோயர் பெட்டி. இருட்டு, உலர்ந்த இடம், ஒரே ஒரு வாசல், கிழித்துக்கொள்ள ஃபில்டர். கூடு கட்ட இதைவிட என்ன வேண்டும்? அடுத்தது இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள இடைவெளி, ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரித் தட்டின் அடிப்பகுதி. பின்பக்கம் டிக்கியில் ஸ்டெப்னிக் குழி. பின் பம்பருக்குள் மறைந்து ரப்பர் மடலோடு இருக்கும் காற்றுப்போக்கி பலருக்கும் தெரியாத வாசல்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில், வளைகளுக்குள் தண்ணீர் ஏறும்போது தரையெலிகள் மேட்டுக்கு வருகின்றன. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் வெறிச்சோடிப் போக, வரப்பெலிகள் ஊருக்குள் நுழைகின்றன. தஞ்சைப் பக்கம் மூங்கிலில் எலிக்கிட்டி கட்டி வயலில் வைப்பவர்களுக்கு இந்தப் போக்கு நன்றாகத் தெரியும். வயலை ஒட்டிய ஊர்களில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டு பருவங்களையும் மனத்தில் வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும். எலியின் கர்ப்பக்காலம் மூன்று வாரம்தான்; குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானே ஈனத் தயாராகிவிடும். மழைக்கு ஒதுங்கிய ஒரு ஜோடி பொங்கலுக்குள் ஒரு குடும்பமாகிவிடும் என்பது மிகையில்லை.

இனி விரட்டும் பொருள்கள். மீயொலிக் கருவிகளை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் பணம் போவது இதில்தான். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். எலி 80 வரை கேட்கும். அதற்கு மட்டும் கேட்கிற சத்தத்தால் விரட்டலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒலி சில அடி தூரத்திலேயே தேய்ந்துவிடும், இன்ஜின் கட்டையும் தகடும் மறைத்தால் அந்தப் பக்கம் போகாது. எலிகள் தங்களுக்குள்ளேயே இதே அலைவரிசையில் பேசிக்கொள்பவை. புதுச் சத்தத்துக்கு முதல் சில நாள் மிரண்டாலும் தீங்கு எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும் பழகிவிடும். 2001-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இந்தக் கருவிகளைச் செய்து விற்கும் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் சான்று இல்லாமல் பலன் உண்டு என்று விளம்பரம் செய்யாதீர்கள் என எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இன்றும் அதே வாக்குறுதியோடுதான் அவை விற்பனைக்கு இருக்கின்றன.

புகையிலை, கற்பூரம், புதினா எண்ணெய் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை: வாசனை போய்விடும். தினமும் வண்டியை எடுக்கிறவர் வாரம் ஒருமுறை மாற்றி வைக்கலாம். ஆறு மாதம் பூட்டிப் போகிறவருக்கு அவை முதல் மாதத்துக்கே காணாது. காய்ந்த புகையிலைக் கட்டை இன்ஜின் மேல் மறந்துவிட்டு ஓட்டுவது தீ விபத்துக்கும் வழி. நாப்தலின் உருண்டையை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். திறந்த இன்ஜின் அறையில் அதன் ஆவி தங்குவதே இல்லை. மூடிய காருக்குள் போட்டாலோ சீட்டுத் துணியெல்லாம் ஏறி, பிறகு நாமும் குழந்தைகளும்தான் அதைச் சுவாசிக்கிறோம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டில் அந்தக் குறைபாடு அபூர்வமானதல்ல.

இந்தக் கூட்டத்தில் ஓரளவு மதிக்கத் தக்கது மிளகாய்க் காரம். காப்சைசின் பூசிய டேப்பை ஹோண்டா தன் உதிரிபாகமாகவே விற்கிறது. அது வாசனையை நம்பவில்லை. கடித்தால் வாய் எரியும், கடிக்கிற இடத்திலேயே இருக்கும். ஆனால் வண்டியில் உள்ள எல்லா ஒயரையும் சுற்ற முடியாது. ஒருமுறை கடிபட்ட இடத்தையும், எளிதில் எட்டும் கிளைகளையும் சுற்றலாம். எலி கூடு கட்டுவதை அது தடுக்காது.

பூனை வளர்த்தால் போதும் என்பவர்களுக்கு: நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பார்சன்ஸ் குழுவினர் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். அத்தனை நாளில் பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. ஆனால் பூனை நடமாடும் நாள்களில் எலிகள் வெளியே வராமல் மறைவிலேயே அதிக நேரம் இருந்தன. நம் விஷயத்தில் இதன் பொருள் விளங்குகிறதல்லவா? ஷெட்டில் எலிக்கு இருக்கிற சிறந்த மறைவிடமே நம் கார்தான்.

மருந்து வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். புரோமடியோலோன் போன்ற ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் கழித்து, மறைவான இடம் தேடிப் போய்ச் சாகிறது. அந்த மறைவான இடம் காரின் ஏ.சி. குழாயாக இருந்தால், நாற்றத்தை எடுக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். மயங்கித் திரியும் எலியைப் பிடித்துத் தின்கிற கூகைக்கும் பூனைக்கும் அந்த விஷம் ஏறும். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையோ இன்னும் கொடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. கல்லீரல் செயலிழந்து தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் மாண்டிருக்கிறார்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவைக் கக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வைப்பது உயிரோடு விளையாடுவது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்டிருந்த வீட்டில் ஏ.சி. போட்டு உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஒரு வயரிங் கிட்டுக்காக எடுக்கக் கூடிய அபாயம் அல்ல இது. காருக்குள்ளும், வீட்டோடு காற்றுத் தொடர்பு உள்ள ஷெட்டுக்குள்ளும் எலி மருந்து கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அப்படியானால் என்னதான் வழி? தென்னந்தோப்பில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். குரும்பையைக் கடிக்கும் எலி மரம் ஏறாமலிருக்க, மரத்தின் உடம்பைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே வழவழப்பான தகரத்தைக் கட்டுகிறார்கள். எலிக்கு அதில் நகம் பதியாது. அங்கே யாரும் எலியை விரட்டவில்லை. அது போகும் வழியைத்தான் மறித்தார்கள். ஷெட்டுக்கும் இதே யோசனைதான்.

ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே விளக்கை அணைத்து, பகலில் நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கீற்று வருகிறதோ அங்கெல்லாம் எலி வரும். ஷட்டரின் அடியில் தரை சமமாக இல்லாமல் இரண்டு விரல் இடைவெளி பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அங்கே வெறும் ரப்பர் பட்டை போதாது, அதைக் கடித்துவிடும். அலுமினியத் தகடு வைத்த பட்டை வேண்டும், அல்லது தரையைச் சிமென்ட் பூசிச் சமன் செய்ய வேண்டும். ஷட்டரின் இரண்டு பக்கத் தண்டவாளமும், மேலே சுருள் உட்காரும் பெட்டியும் அடுத்த வாசல்கள். ஜன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வலை. கோழி வலை உதவாது, அதன் கண்ணில் எலி சுகமாகப் புகுந்து வரும். குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்து வரும் இடங்களில் ஃபோம் மட்டும் அடித்தால் ஒரே இரவில் குடைந்துவிடும். வலையைச் சுருட்டித் திணித்து அதன்மேல் சிமென்ட் பூச வேண்டும். தரை வடிகால் வாய்க்குக் கம்பிச் சல்லடை. கூரையைத் தொடும் மாங்கிளையை வெட்டிவிட வேண்டும்.

பிறகு, உள்ளே என்ன இருக்கிறது? நம் வீடுகளில் ஷெட் என்பது காருக்கு மட்டுமான இடம் அல்ல. அரிசி மூட்டை, தேங்காய்க் குவியல், நாய்க்குப் போடும் தீனி, பழைய சாக்கு, அட்டைப் பெட்டிகள், கொலு பொம்மை சுற்றிய வைக்கோல் எல்லாம் அங்கேதான். எலிக்குச் சாப்பாடும் படுக்கையும் பக்கத்திலேயே இருக்கும்போது காரில் மட்டும் வராதே என்றால் எப்படி? தின்னும் பொருள் எதுவும் ஷெட்டில் இருக்கக் கூடாது. இருந்தே ஆக வேண்டுமென்றால் மூடியுள்ள தகர டின்னில். மற்ற சாமானைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தரைக்கு மேலே தூக்கி வைத்தால் எலிப் புழுக்கை கண்ணில் படும், பெருக்கவும் முடியும். எலி சுவரோரமாகவே ஓடும் பிராணி; ஓரம் காலியாக இருந்தால் அதற்குத் தைரியம் குறையும். செலவு அதிகமில்லாத இந்த வேலைதான் பலன் அதிகம் தருவது, இதைத்தான் யாரும் செய்வதில்லை.

போர்டிகோவில் கதவில்லாமல் நிறுத்துகிறவர்களுக்கு இதில் பாதி முடியாது. அவர்கள் காரின் திறப்புகளில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். முதலில் வண்டியைச் சீட்டுக்கு அடிவரை சுத்தம் செய்யுங்கள். பொரி, முறுக்குத் துணுக்கு, திருநீற்றுப் பொட்டலம், குழந்தை சீட்டின் மடிப்பில் கிடக்கும் பிஸ்கட் தூள் எதுவும் மிஞ்சக் கூடாது. டிஷ்யூ பெட்டி, துணி, புத்தகம் எல்லாவற்றையும் இறக்குங்கள். அவை எலிக்குக் கூட்டுச் சாமான். இன்ஜினை அணைக்கும்முன் ஏ.சி.யை உள்காற்றே சுழலும் நிலையில் வையுங்கள்; பல கார்களில் அந்த மடல் அப்படியே மூடி நிற்கும். வைப்பருக்குக் கீழுள்ள காற்றுத் துளைக்கு உட்புறமாகத் துருப்பிடிக்காத எஃகு வலையை மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துக்கொண்டால் அது நிரந்தரக் காவல், காற்றும் தடைபடாது. சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் மூக்கிலும் வலையைத் திணிக்கலாம். அப்படித் திணித்தால் எங்கெங்கே திணித்தோம் என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட வேண்டும். மறந்து ஸ்டார்ட் செய்தால் எலி செய்யாத சேதத்தை நாமே செய்துவிடுவோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது எலியைத் தடுக்காது, ஆனால் கடிபட்ட ஒயர் உரசித் தீப்பிடிப்பதைத் தடுக்கும்.

கார் உறை பற்றி யோசிக்க வேண்டும். தரை வரை தொங்கும் உறை, எலிக்கு இருட்டையும் மறைவையும் தருகிறது. நன்றாக மூடிய ஷெட்டுக்குள் உறை தேவையே இல்லை. தூசு படிந்தால் கழுவிக்கொள்ளலாம். பானெட்டைத் திறந்தே வைப்பது பார்க்க விசித்திரமாக இருந்தாலும் நல்ல வழி. அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரத்தில், பேக்ரேட் என்னும் பாலைவன எலிக்குப் பயந்து பலர் இரவெல்லாம் பானெட்டைத் திறந்து வைத்து, அடியில் விளக்குச் சரத்தை எரியவிடுகிறார்கள். இருட்டும் மூடிய இடமும்தானே அதற்கு வேண்டும், இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். விளக்கால் மட்டும் எலி ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எளிய காவல் அசைவு. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற உறவினரிடம் வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. எடுக்கும்முன் பானெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கூடு கட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நாரும் பஞ்சும் கண்ணில் பட்டுவிட்டால் கையால் அள்ளி எறிந்துவிடலாம். 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கில் வாரக்கணக்கில் கார்கள் நின்றுபோனதை எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். பிறகு அவரிடம் வந்த வண்டிகளைப் பற்றியும் சொல்வார்.

பொறி வைப்பது ஷெட்டுக்குள், காருக்கு வெளியே. எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். சில நாள் கிட்டே வராது. அதனால் முதலில் பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். மசால் வடைக்கும் சுட்ட தேங்காய்க் கீற்றுக்கும் கருவாட்டுக்கும் உள்ள பெயர் வீண் பெயர் அல்ல. பொறியின் வாய் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். பசை அட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் எலியோடு அணிலும் ஓணானும் பல்லியும் ஒட்டி, மணிக்கணக்கில் துடித்துச் சாகின்றன. யாரும் பார்க்க வராத வீட்டில் எந்தப் பொறியும் வேண்டாம். செத்த எலி கிடந்து நாறும், கூண்டில் அகப்பட்டது பட்டினியில் சாகும்.

திரும்பி வந்த நாளில் அவசரம் கூடாது. சாவியைப் போடும்முன் பானெட்டையும் டிக்கியையும் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், ஏ.சி. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்; எரிபொருள் குழாயையும் எலி கடிக்கும். கூடு இருந்தால் புளோயரைப் போடக் கூடாது, போட்டால் அத்தனை தூசும் முகத்தில் வரும். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் தோலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே உடம்பில் ஏறிவிடும். அதனால் கையுறை போட்டு, முகத்தை மூடி, கூட்டின்மேல் கிருமிநாசினியைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஈரத்தோடு அள்ளுங்கள். உலர்ந்ததைப் பெருக்கவோ வேக்யூம் வைத்து இழுக்கவோ கூடாது. அள்ளிய பிறகு அந்த இடத்தைக் கழுவ வேண்டும், வாசனை இருக்கும்வரை அடுத்த எலிக்கு அது அழைப்பு.

சேதம் கண்ணில் பட்டால் காப்பீட்டை நினைக்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இதற்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், நம் மோட்டார் பாலிசிகளில் தீ, திருட்டு, வெள்ளம், விபத்து என்று எழுதியிருக்கும் அளவுக்கு எலி வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. தேய்மானமும் மின்கோளாறும் விலக்கு என்று வேறு இருக்கும். அதனால்தான் இழுபறி வருகிறது. சில நிறுவனங்கள் எலிச் சேதத்துக்கென்றே கூடுதல் பிரீமியத்தில் தனிச் சேர்க்கை தருகின்றன. நீண்ட நாள் நிறுத்தப் போகிறவர்கள் புதுப்பிக்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். கடிபட்ட ஒயரையும் புழுக்கையையும் இருந்தது இருந்தபடி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்த்த பிறகே மெக்கானிக்கைக் கை வைக்க விட வேண்டும். கழற்றிய பழைய ஹார்னெஸைப் பணம் கைக்கு வரும்வரை தூக்கி எறியாதீர்கள்.